டிஎன்எஸ் கேள்விகளை எச்டிடிபிஎஸ் வழியே அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசரின் அமைப்புகளில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்று ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை ஆன் செய்வதா, விட்டுவிடுவதா என்று குழம்புகிறவர்களும், அது ஆன் ஆகியிருப்பதால் தலைவலி வந்துவிட்ட நெட்வொர்க் நிர்வாகிகளும் கேட்கும் கேள்விகள் இவை.

டிஓஎச் என்றால் என்ன?

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி எது என்று உங்கள் கருவி ஒரு சர்வரிடம் கேட்கிறது. அந்த சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். இந்த ஏற்பாடு முழுவதற்கும் டிஎன்எஸ் என்று பெயர். வழக்கமாக அந்தக் கேள்வி யுடிபி என்ற எளிய அனுப்பும் முறையில் ஒரு பாக்கெட்டாக, 53ஆம் போர்ட் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) வழியாக, எந்த மறையாக்கமும் இல்லாமல் போகும். அதே கேள்வியை எச்டிடிபிஎஸ் கோரிக்கைக்குள் வைத்து 443ஆம் போர்ட்டில் அனுப்புவதைத்தான் டிஓஎச் (டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்) என்கிறார்கள். பிரவுசரின் அந்தப் பொத்தான் ஆன் செய்வது இதைத்தான். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் பால் ஹாஃப்மனும் பயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லாவின் பாட்ரிக் மெக்மானஸும் எழுதிய ஆர்எஃப்சி 8484 என்ற ஆவணம் 2018 அக்டோபரில் இதற்கு இலக்கணம் வகுத்தது.

பழைய முறைக்கு என்ன குறை? இத்தனை ஆண்டுகள் ஓடியதே?

ஓடியது, இன்றும் ஓடுகிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தபோது இணையம் என்பது ஒருவரையொருவர் அறிந்த ஆய்வகங்களின் கூட்டம். 1987இல் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய ஆவணங்கள்தான் இன்றுவரை அடித்தளம். ஒட்டுக்கேட்பவனைப் பற்றி அன்று கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை.

குறை என்ன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் திறந்து, 53ஆம் போர்ட்டை மட்டும் காட்டும்படி வடிகட்டிவிட்டு, ஐந்து நிமிடம் வழக்கம்போல் இணையத்தில் உலவுங்கள். எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்த வேலைவாய்ப்புத் தளம், எந்த விளம்பர நிறுவனம் என்று பெயர்கள் வரிசையாக விழும். நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் செயலிகள் பின்னணியில் கேட்பவையும் அதில் இருக்கும். உங்கள் கணினியில் நீங்கள் பார்ப்பதை, வழியில் இருக்கும் எவரும் பார்க்கலாம்.

படிப்பதோடு போனால் பரவாயில்லை. விடையை மாற்றவும் முடியும். இல்லாத பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற விடைக்குப் பதிலாகத் தங்கள் விளம்பரப் பக்கத்தின் முகவரியைத் திணித்த இணைய நிறுவனங்கள் பல நாடுகளில் இருந்தன. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை முடக்கியபோது முதலில் கைவைத்தது டிஎன்எஸ்ஸில்தான். மக்கள் கூகுளின் 8.8.8.8 ரிசால்வருக்கு மாறினார்கள். அந்த எண்ணைச் சுவர்களில் பெயின்டால் எழுதி வைத்தார்கள். மாத இறுதிக்குள் துருக்கியின் இணைய நிறுவனங்கள் 8.8.8.8 என்ற முகவரிக்கான போக்குவரத்தையே தங்கள் சர்வர்களுக்குத் திருப்பிவிட்டன. கேட்டவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. விடை சொல்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்க்கப் பழைய முறையில் வழியே இல்லை. டிஓஎச்சில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். போலி சர்வர் என்றால் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும்.

நான் போவதெல்லாம் பூட்டுச் சின்னம் உள்ள தளங்கள்தானே?

பூட்டு, தளத்துக்குள் நீங்கள் செய்வதை மறைக்கும். அங்கே போகிறீர்கள் என்பதை மறைக்காது. பஸ்ஸில் கண்டக்டரிடம் ‘ஆஸ்பத்திரி ஸ்டாப் ஒன்று’ என்று உரக்கச் சொல்லி டிக்கெட் வாங்குவதுபோல். டாக்டரிடம் பேசியது யாருக்கும் கேட்காது, இறங்கும் இடம் பஸ் முழுக்கத் தெரியும்.

உள்ளே உண்மையில் என்ன போகிறது?

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

டிஎன்எஸ் கேள்வியின் தலைப்பகுதி 12 பைட். அடுத்து பெயர், அடுத்து எந்த வகைப் பதிவு வேண்டும் என்பதைச் சொல்ல 4 பைட். மூன்று டபிள்யூவோடு எக்சாம்பிள்.காம் என்ற பெயரைக் கேட்டால் பெயருக்கு 17 பைட் ஆகும். மொத்தம் 33 பைட், அவ்வளவு சிறியது. டிஓஎச் இந்த 33 பைட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது, ஒரு பிட்டைக்கூடப் புதிதாக வடிவமைக்கவில்லை. இரண்டு வழிகளில் அனுப்பலாம். போஸ்ட் முறையில் அந்த பைட்களே கோரிக்கையின் உடலாகப் போகும். கெட் முறையில் பேஸ்64 என்ற குறியீட்டால் 44 எழுத்துகளாக மாறி, இணைய முகவரியின் வாலில் தொங்கும்.

பழைய முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, விடை திரும்பும்போது பொருத்திப் பார்ப்பார்கள். டிஓஎச்சில் அந்த எண்ணைப் பூஜ்ஜியமாக வைக்கச் சொல்கிறது ஆவணம். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதை எச்டிடிபியே பார்த்துக்கொள்ளும். அதோடு, எண் மாறாமல் இருந்தால் ஒரே கேள்வி எப்போதும் ஒரே முகவரியாக அமையும். இடையிலுள்ள எச்டிடிபி கேஷ்கள் விடையைச் சேமித்து வைத்துத் தரலாம். எவ்வளவு நேரம் சேமிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: விடையிலுள்ள பதிவுகளில் மிகக் குறைந்த ஆயுள் எதுவோ அதை மிஞ்சக் கூடாது.

புதிதாக நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று. நீங்கள் கேட்ட பெயரே உலகத்தில் இல்லை என்றாலும் எச்டிடிபி விடை 200தான், 404 இல்லை. பெயர் இல்லை என்ற செய்தியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வகையில் எச்டிடிபிக்கு அது வெற்றியே.

டிஓஎச் சர்வரின் பெயருக்கே முகவரி தேவைப்படுமே, அதை யாரிடம் கேட்பது?

நல்ல கேள்வி. ஒன்று, முகவரியை மென்பொருளிலேயே எழுதி வைத்துவிடுவார்கள். இரண்டு, அந்த ஒரு பெயரை மட்டும் பழைய முறையில் கேட்டுக்கொள்வார்கள். யாராவது பொய் விடை தந்தாலும் சான்றிதழ் பொருந்தாமல் மாட்டிக்கொள்வார்கள். 1.1.1.1 என்ற முகவரியில் ரிசால்வர் நடத்தும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சான்றிதழில் அந்த எண்ணே இடம்பெற்றிருப்பதால் அங்கே பெயரே தேவையில்லை.

டிஎல்எஸ் வழியே டிஎன்எஸ் என்று ஏற்கெனவே ஒன்று இருந்ததே? இது எதற்கு?

இருந்தது. டிஎல்எஸ் என்பது எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் மறையாக்க முறை. டிஎன்எஸ்ஸை நேராக அதன்மேல் அனுப்பும் டிஓடி என்ற முறை ஆர்எஃப்சி 7858 ஆக 2016இலேயே வந்துவிட்டது. மறையாக்கத்தின் வலிமையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் போர்ட் எண்ணில் இருக்கிறது, எல்லாச் சண்டையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

டிஓடி 853 என்ற தனிப் போர்ட்டில் போகும். நிர்வாகிக்கு அது மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் என்று ஒரே பார்வையில் தெரியும். வேண்டாம் என்றால் ஃபயர்வாலில் ஒரே வரியில் அடைத்துவிடலாம். டிஓஎச் போவது 443இல். உலகத்தின் வலைப் போக்குவரத்து முழுவதும் போகும் சாலை அது. அதை அடைத்தால் இணையமே நின்றுவிடும். ஆக, டிஓஎச்சைத் தேர்ந்தெடுத்தவர்கள் மறைப்பதோடு நிற்காமல் தடுக்க முடியாதபடியும் செய்ய விரும்பினார்கள். ஒட்டுக்கேட்கும் அரசாங்கத்திடமிருந்து தப்ப நினைப்பவருக்கு இது வரம். தன் நெட்வொர்க்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு இது சாபம். இருவருமே நியாயம் உள்ளவர்கள் என்பதால்தான் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

2022இல் டிஓகியூ என்ற மூன்றாவது முறையும் வந்தது. குவிக் என்ற நெறிமுறையின் மேல், யுடிபி 853இல் இயங்கும். ரிசால்வர்களிடையே அது பரவலாம்; பிரவுசர்கள் எச்டிடிபியை விட்டு நகர்வதாகத் தெரியவில்லை.

மொசில்லாவை ‘இணைய வில்லன்’ பட்டியலில் சேர்த்தார்களாமே?

2019 ஜூலையில் பிரிட்டனின் இணையச் சேவை நிறுவனங்களின் சங்கம் அப்படிப் பரிந்துரைத்தது. அந்த நாட்டில் சிறார் ஆபாசத் தளங்களின் முடக்கமும் பெற்றோர் கட்டுப்பாட்டு வடிகட்டிகளும் இணைய நிறுவனங்களின் டிஎன்எஸ்ஸையும் நம்பியிருக்கின்றன. பயர்பாக்ஸ் தன் கேள்விகளை வேறு ரிசால்வருக்கு நேராக அனுப்பினால் இவை செயலிழந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கண்டனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் தானாக ஆன் செய்யும் திட்டம் இல்லை என்று மொசில்லாவும் சொன்னது.

கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு உண்மையான கேள்வி இருந்தது. அதுவரை ரிசால்வர் எது என்பதை நெட்வொர்க் தீர்மானித்தது, இயங்குதளம் ஏற்றுக்கொண்டது, எல்லாச் செயலிகளும் அதைப் பின்பற்றின. பயர்பாக்ஸ் அந்த வரிசையைக் கலைத்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்கப் பயனர்களுக்குத் தானாக ஆன் செய்யத் தொடங்கியபோது கேள்விகள் முன்னிருப்பாகக் கிளவுட்ஃபிளேருக்குப் போயின. டிஎன்எஸ் உலகின் மூத்தவர்களில் ஒருவரான பால் விக்ஸி போன்றோர் கொதித்தது இதனால்தான். மறையாக்கம் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. முடிவெடுக்கும் உரிமை நெட்வொர்க் வைத்திருப்பவரிடமிருந்து செயலி தயாரிப்பவரிடம் போவதை எதிர்த்தார்கள்.

குரோம் வேறு வழியில் போனது. 2020 மே மாதம் வந்த 83ஆம் பதிப்பில், நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ரிசால்வருக்கு டிஓஎச் வசதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதே நிறுவனத்தின் டிஓஎச்சுக்கு மாறிக்கொண்டது. நம்பிக்கை வைத்திருக்கும் ஆள் மாறவில்லை, பாதை மட்டும் மறைந்தது. என்னைக் கேட்டால் இதுதான் முறையான வழி. கூகுளைப் பாராட்டும் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

வேகம் குறையுமா?

முதல் கேள்வியில் குறையும். யுடிபியில் ஒரு போய்-வரவு போதும். டிஓஎச்சில் இணைப்பைத் திறக்கும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என மூன்று. ஆனால் இணைப்பு ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்தடுத்த கேள்விகள் அதிலேயே போகும். மொசில்லா 2018இல் செய்த சோதனையில் பெரும்பாலான கேள்விகள் 6 மில்லி விநாடி அளவுக்கே தாமதமாயின. மிகவும் மெதுவாக இருந்த கேள்விகளோ பழைய முறையைவிட நூற்றுக்கணக்கான மில்லி விநாடி வேகமாக முடிந்தன. பாக்கெட் தொலைந்துபோகும் மோசமான மொபைல் இணைப்பில் டிசிபி திணறும். ஒரு பாக்கெட் விழுந்தால் பின்னால் வரும் விடைகளும் காத்துக் கிடக்கும். குவிக்கின் மேல் இயங்கும் எச்டிடிபி 3 அந்தக் குறையைச் சரிசெய்கிறது.

இனி என் இணைய நிறுவனம் என்னைப் பார்க்கவே முடியாதா?

முடியும். டிஓஎச் போட்டால் ஆள் மாயமாகிவிடலாம் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

பெயரைக் கேட்டு முகவரியை வாங்கியதும் அந்த முகவரிக்கு இணைப்பு போடுகிறீர்கள். அந்த முகவரி வெட்டவெளியில் போகிறது. அதோடு டிஎல்எஸ் கைகுலுக்கலின் முதல் செய்தியில் எஸ்என்ஐ என்ற புலத்தில் தளத்தின் பெயரே எழுத்துக்கு எழுத்து இருக்கும். ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமே. ஆக, முன்கதவில் பூட்டுப் போட்ட பெயர் பின்கதவு வழியே வெளியே வருகிறது. இதை அடைக்க வந்ததுதான் இசிஎச் என்ற நீட்டிப்பு. அதற்கு வேண்டிய சாவி டிஎன்எஸ் வழியாகவே வருகிறது. அந்த டிஎன்எஸ் வெட்டவெளியில் போனால் இசிஎச்சுக்கு அர்த்தமில்லை. பயர்பாக்ஸ் 2023இல் இசிஎச்சைக் கொண்டுவந்தபோது டிஓஎச் ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று வைத்தது அதனால்தான். தளம் இசிஎச்சை ஏற்காவிட்டால் பழைய கதைதான்.

பாக்கெட்டின் நீளத்தை வைத்தே ஊகிப்பவர்களும் உண்டு. அதற்காகக் கேள்விகளை 128 பைட்டின் மடங்காகவும் விடைகளை 468 பைட்டின் மடங்காகவும் நிரப்பி அனுப்பும்படி ஒரு பரிந்துரை இருக்கிறது.

அப்படியானால் தடை செய்யப்பட்ட தளங்கள் திறக்குமா?

தடை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டிஎன்எஸ் விடையை மட்டும் மாற்றியிருந்தால் திறக்கும். எஸ்என்ஐயைப் பார்த்து அறுத்தால் திறக்காது. இந்தியாவில் இரண்டு வகையும் நடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி தடை செய்யப்பட்டது, டிஓஎச் போட்டதால் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாகிவிடாது.

கேள்வியெல்லாம் இப்போது கூகுளுக்கும் கிளவுட்ஃபிளேருக்கும் போகிறதே. இது மேலா?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. ரிசால்வர் என்று ஒருவர் இருக்கும்வரை உங்கள் கேள்விகளை அவர் படிப்பார். படித்தால்தானே விடை சொல்ல முடியும். டிஓஎச் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பவர்களை விலக்குகிறது, அவ்வளவே. அவர் யாராக இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கூகுள் தன் தற்காலிகப் பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழிப்பதாகச் சொல்கிறது. பயர்பாக்ஸின் பட்டியலில் இடம்பெற விரும்பும் ரிசால்வர், அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பது மொசில்லாவின் நிபந்தனை. 9.9.9.9 என்ற முகவரியில் இயங்கும் குவாட்9 லாபநோக்கற்றது. 2021இல் சுவிட்சர்லாந்துக்கு இடம்பெயர்ந்து அந்நாட்டுத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டால் நான் சொல்வது குவாட்9. உங்கள் இணைய நிறுவனம் நம்பகமானது, அதற்கே டிஓஎச் வசதி இருக்கிறது என்றால் அங்கேயே இருங்கள். அமெரிக்காவின் காம்காஸ்ட் 2020இல் மொசில்லாவின் நிபந்தனைகளை ஏற்று அப்படிச் சேர்ந்த முதல் இணைய நிறுவனமானது.

யாரையுமே நம்ப முடியாது என்பவர்களுக்கு ஓடிஓஎச் என்ற முறை இருக்கிறது, ஆர்எஃப்சி 9230. நடுவில் ஒரு ப்ராக்ஸி நிற்கும். கேட்டது யார் என்று ப்ராக்ஸிக்குத் தெரியும், என்ன கேட்டார் என்று தெரியாது. ரிசால்வருக்கு நேர் எதிர். இருவரும் கூட்டுச் சேர்ந்தால் ரகசியம் உடையும்.

டிஎன்எஸ்செக் இருந்தால் இது தேவையில்லையா?

இரண்டும் வேறு வேலை. டிஎன்எஸ்செக் விடையில் கையொப்பம் இடுகிறது, எதையும் மறைப்பதில்லை. டிஓஎச் உங்களுக்கும் ரிசால்வருக்கும் இடையிலான பாதையை மட்டும் காக்கிறது. ரிசால்வருக்கே பொய் விடை ஊட்டப்பட்டால் அந்தப் பொய்யைப் பத்திரமாக உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். 2008இல் டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ரிசால்வருக்குப் பொய் ஊட்டும் வழியைக் காட்டி உலகைக் கலங்கடித்தது அந்த மறுபக்கத்தில்தான். இரண்டும் வேண்டும்.

தமிழில் உள்ள தளப்பெயர்கள்?

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் பெயர்களும் பாக்கெட்டுக்குள் ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறித்தான் போகின்றன. பார்க்கப் புரியாது என்பதால் அது மறையாக்கம் ஆகிவிடாது. எவரும் நொடியில் திருப்பிப் படிக்கலாம்.

நான் ஒரு கல்லூரி அல்லது அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்வது?

முதலில் வரும் புகார், உள்ளூர்ப் பெயர்கள் திறக்கவில்லை என்பதாக இருக்கும். வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நூலகப் பெயரோ சம்பளப் பட்டியல் சர்வரோ வெளி ரிசால்வருக்குத் தெரியாது. கூடவே, உள்பெயர்கள் வெளியார் காதில் விழுகின்றன என்ற சங்கடமும் உண்டு.

பயர்பாக்ஸுக்கு ஓர் எளிய வழி: யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட் என்ற பெயரை உங்கள் ரிசால்வரில் ‘இல்லை’ என்று விடை சொல்ல வையுங்கள். தானாக ஆன் ஆன டிஓஎச் அணைந்துவிடும். பயனர் கைப்பட ஆன் செய்திருந்தால் அணையாது. நிறுவனத்தின் சொந்தக் கணினிகள் என்றால் குரூப் பாலிசி போன்ற மையக் கட்டுப்பாடு இருக்கிறது, அதுதான் உறுதியானது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2021 ஜனவரியில் நிறுவனங்களுக்குத் தந்த அறிவுரையும் இதே திசையில்தான்: உங்கள் ரிசால்வரிலேயே மறையாக்கத்தை வையுங்கள், மற்ற டிஓஎச் சர்வர்களை அடைத்துவிடுங்கள்.

அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். 2019இல் கண்டுபிடிக்கப்பட்ட காட்லுவா என்ற தீநிரல், தன் கட்டளை மையத்தின் முகவரியை டிஓஎச் வழியாகக் கேட்டுக்கொண்டது. டிஎன்எஸ் பதிவுகளை மட்டும் பார்த்துத் தொற்றுகளைப் பிடித்துவந்தவர்கள் அன்றோடு கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

எங்கே ஆன் செய்வது?

பயர்பாக்ஸிலும் குரோமிலும் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. விண்டோஸ் 11இல் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கைப்படக் கொடுக்கும்போது டிஓஎச் தேர்வு வரும். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று உண்டு; அடிப்படையில் அது டிஓடி, 2022 முதல் ஆண்ட்ராய்டு 11இலும் அதற்கு மேற்பட்ட கருவிகளிலும் கூகுள், கிளவுட்ஃபிளேர் சர்வர்களுக்கு எச்டிடிபி 3 வழி டிஓஎச் சேர்ந்தது. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் வசதி உண்டு, ஆனால் மெனுவில் தேடாதீர்கள்; ரிசால்வர் நிறுவனத்தின் செயலியோ அமைப்புக் கோப்போ தேவை.

பயர்பாக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்க்க, முகவரிப் பட்டையில் அபவுட்:நெட்வொர்க்கிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, டிஎன்எஸ் பகுதியில் டிஆர்ஆர் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ‘ட்ரூ’ என்றிருக்கும் பெயர்கள் டிஓஎச்சில் போனவை.

ஆன் செய்தபின் ரயில் நிலையத்து வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வரவில்லையே?

அந்தப் பக்கம் பல இடங்களில் டிஎன்எஸ் விடையை மாற்றித்தான் உங்களை இழுத்து வருகிறது. நீங்கள் தடுக்க நினைத்த வேலையே அது. கண்டிப்பு நிலையில் வைத்திருந்தால் தற்காலிகமாகத் தளர்த்துங்கள், உள்நுழைந்தபின் மீண்டும் இறுக்குங்கள்.

வீட்டில் பை-ஹோல் வைத்து விளம்பரங்களை வடிகட்டுகிறேன். இனி?

பிரவுசர்களில் டிஓஎச்சை அணைத்துவிட்டு, பை-ஹோலிலிருந்து வெளியே போகும் கேள்விகளை மட்டும் மறையாக்கி அனுப்புங்கள். டிஎன்எஸ்கிரிப்ட்-ப்ராக்ஸி என்ற மென்பொருள் அதற்குப் போதும். தொல்லை தருவது ஸ்மார்ட் டிவி. தயாரிப்பாளர் டிஓஎச்சை உள்ளேயே புதைத்துவிட்டால் உங்கள் வீட்டு டிவி யாரிடம் பேசுகிறது என்று உங்களுக்கே தெரியாது. பொதுவான டிஓஎச் முகவரிகளை ரவுட்டரில் அடைக்கலாம், தயாரிப்பாளரின் சொந்த சர்வரை அடைத்தால் டிவியே முரண்டு பிடிக்கும். இணைய நிறுவனத்துக்கு எதிராக உங்களுக்குக் கிடைத்த ஆயுதம் உங்களுக்கு எதிராக டிவிக்காரருக்கும் கிடைத்திருக்கிறது.

சொந்தமாகவே ரிசால்வர் நடத்தினால்?

நடத்தலாம். ரிசால்வர் மென்பொருள்களில் அன்பவுண்ட் 2020 முதலும், பைண்ட் 9.18ஆம் பதிப்பு முதலும் டிஓஎச் சேவை தருகின்றன; ஒரு சிறிய வாடகை சர்வரும் சான்றிதழும் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முழு ரிசால்வரை வீட்டிலேயே வைத்தால், அது ரூட் சர்வரில் தொடங்கி ஒவ்வொரு டொமைனின் சர்வரிடமும் கேட்டுக்கொண்டு போகும் கேள்விகள் இன்னும் பெரும்பாலும் 53ஆம் போர்ட்டில், மறையாக்கம் இல்லாமல்தான் போகின்றன. உங்கள் இணைய நிறுவனம் அவற்றைப் படிக்கலாம். ஒவ்வொரு சர்வரிடமும் தேவையான அளவு பெயரை மட்டும் கேட்கும் க்யூநேம் மினிமைசேஷன் என்ற அமைப்பை ஆன் செய்து வைத்தால், ரூட் சர்வருக்கும் .காம் சர்வருக்கும் முழுப் பெயர் போகாது. கடைசி சர்வருக்குப் போகும் கேள்வியில் முழுப் பெயர் இருக்கத்தான் செய்யும்.